பாட்டு எட்டில் முடிகிறது, கால் ஆறில் முடிகிறது: ஆர்மீனிய வட்ட ஆட்டமும் துடுக்கும்

நீங்கள் அனுப்பிய கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆர்மீனிய வட்ட ஆட்டத்தை வீடியோ பார்த்துப் பழகினால் பாட்டின் வரி எட்டு எண்ணிக்கையில் முடிகிறது, கால் ஆறிலேயே முடிந்துவிடுகிறது, எங்கே பிசகுகிறது என்பது ஒன்று. ஆசைப்பட்டு வாங்கிய துடுக் என்னும் ஆர்மீனியக் குழலில் காற்று மட்டும் வருகிறது, நாதம் வரவில்லை என்பது இன்னொன்று.

முதலாவதற்குப் பதில் சுருக்கமானது. எங்கும் பிசகவில்லை, அந்த ஆட்டமே அப்படித்தான். பாட்டுக்கு ஒரு கணக்கு, காலுக்கு ஒரு கணக்கு. இரண்டும் அவ்வப்போது சந்தித்துவிட்டுப் பிரியும்.

ஆர்மீனிய வட்ட ஆட்டங்களில் பெரும்பகுதி ‘இரண்டு போய் ஒன்று வருதல்’ என்ற அமைப்பில் நிற்பவை. வலப்பக்கம் இரண்டு பங்கு நகர்ந்து, இடப்பக்கம் ஒரு பங்கு திரும்புவது. இந்த ஆட்டங்களைப் பல்லாண்டுகள் களத்தில் பதிவு செய்து வகைப்படுத்தியவர் ஸ்ருபுஹி லிசித்சியான் (1893–1979). ஆட்ட அசைவுகளைத் தாளில் எழுதுவதற்கென்றே ஒரு குறியீட்டு முறையையும் அவர் உருவாக்கினார்.

இந்த அமைப்பின் எளிய வடிவத்தைக் காலில் வைத்துப் பார்ப்போம். வட்டத்தின் நடுவைப் பார்த்து நில்லுங்கள். ஒன்று: வலக்கால் வலப்பக்கம். இரண்டு: இடக்கால் வலக்காலுக்கு முன்னால் குறுக்கே. மூன்று: மறுபடி வலக்கால் வலப்பக்கம். நான்கு: இடக்காலை முன்னால் லேசாகத் தூக்குவது, அல்லது நுனியால் தரையைத் தொடுவது. ஐந்து: இடக்கால் இடப்பக்கம். ஆறு: வலக்காலைத் தூக்குவது அல்லது தொடுவது. ஒரு சுற்று முடிந்தது.

பழகுபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தடுமாறுவது நான்காவது எண்ணிக்கையில்தான். தூக்க வேண்டிய இடக்காலில் உடல் எடையை இறக்கிவிடுவார்கள். ஐந்தில் அதே இடக்காலை எடுத்து வைக்க வேண்டும், ஆனால் உடம்பு முழுக்க அதன் மேல் நிற்கிறது. வேறு வழியின்றி வலக்காலை எடுப்பார்கள். அதன்பிறகு வரிசையில் எல்லாரும் இடப்பக்கம் போக, இவர் மட்டும் வலப்பக்கம் போய்ப் பக்கத்தில் இருப்பவரின் தோளில் மோதுவார். நான்கிலும் ஆறிலும் எடை மாறக்கூடாது என்பதை முதல் நாளே காலுக்குச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நான்காவதில் ஒற்றைக்காலில் ஒரு நொடி உறைந்து நின்று பாருங்கள். விழாமல் நிற்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது.

பாட்டின் வரி பெரும்பாலும் எட்டு எண்ணிக்கை. ஆறில் நாலு சுற்று இருபத்து நான்கு, எட்டில் மூன்று வரி இருபத்து நான்கு. அங்கேதான் காலும் பாட்டும் ஒரே இடத்தில் தொடங்கும். நடுவில் உள்ள சுற்றுகளில் வரியின் தொடக்கம் உங்கள் மூன்றாவது அடியில் விழும், ஐந்தாவதில் விழும். மிருதங்கத்தின் கோர்வைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தெரியாதவர்களுக்கோ காது காலை இழுத்துக்கொண்டே இருக்கும்: வரி முடிந்துவிட்டதே, நாமும் முடிப்போம் என்று ஆறு எண்ணிக்கையை எட்டாக நீட்டுவார்கள். வரிசை அங்கே உடையும். இதற்கு மருந்து, முதல் வாரம் மெட்டைக் கேட்காமல் டோல் மேளத்தின் கனத்த அடியை மட்டும் பிடித்து ஆடுவது. கைதட்டியே பழகினாலும் போதும். கால் தானாக ஓடத் தொடங்கிய பிறகு மெட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு அந்த விலகல்தான் ருசி. ஒரே ஆறடி, ஒவ்வொரு முறையும் மெட்டின் வேறு மூலையில் வந்து நிற்பதால் அரை மணி நேரம் ஆடினாலும் சலிப்பதில்லை.

அடியின் நீளமும் முக்கியம். நெட்டையானவர் தம் கால் நீளத்துக்கு எட்டி வைத்தால், வரிசையின் மறுமுனை ஓட வேண்டியிருக்கும். தோளகலத்துக்கு மேல் அடி வேண்டாம். ஆட்டத்தின் உயிர் பக்கவாட்டு நகர்வில் இல்லை, முழங்காலின் மேலும் கீழுமான அசைவில் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் சற்று மடங்கி எழும். அது வரிசை முழுக்க ஒன்றாக நடந்தால், எட்ட நின்று பார்ப்பவருக்கு இருபது பேர் ஒரே உடம்பாகத் தெரிவார்கள்.

பிடி பல வகை: உள்ளங்கை கோத்துக் கைகளைக் கீழே தொங்கவிடுவது, பக்கத்தவர் தோளில் கை போடுவது, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் மட்டும் கோப்பது. சுண்டுவிரல் பிடியில் கைகள் தோள் உயரத்தில் மடங்கி, தாளத்துக்கேற்ப மேலும் கீழும் ஆடும். பார்க்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். விரலை இறுக்கினால் பத்து நிமிடத்தில் வலி எடுக்கும், பக்கத்தவரின் தடுமாற்றம் அப்படியே உங்கள் மணிக்கட்டில் இறங்கும். கொக்கி மாதிரி மாட்டிவைத்தால் போதும். தோள் பிடியில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும்: களைத்தவர்கள் பக்கத்தவர் மேல் தொங்குவார்கள். கை தோளின் மேல் கிடக்க வேண்டும், எடை உங்கள் காலில் இருக்க வேண்டும்.

வரிசைக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. தலையில் இருப்பவர் கையில் கைக்குட்டை சுழலும். அடி மாறப்போகிறது, வேகம் கூடப்போகிறது என்பதை அந்தக் கைக்குட்டையும் ஒரு கூவலும் முன்கூட்டியே சொல்லிவிடும். புதியவர்கள் வால் பக்கம் போய்ச் சேர்வதே மரியாதை. தெரிந்த இருவருக்கு நடுவே கையைப் பிரித்துப் புகுவதும், தலைக்கு முன்னால் போய் நிற்பதும் கூடாது. திசை வலப்பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. அது நன்மையின் திசை என்று எண்ணப்பட்டது. இடப்பக்கம் நகரும் ஆட்டங்கள் துக்கத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டவை. ஆகவே கண்ணாடி பிம்பமாகப் புரட்டப்பட்ட வீடியோவைப் பார்த்துப் பழகிவிட்டால் கால் மட்டுமல்ல, பொருளும் தலைகீழாகும். வீடியோவில் இருப்பவர்கள் சட்டைப் பொத்தானை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கோச்சாரி. 2017-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தப் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கோச்சாரி என்பது ஒரே ஆட்டம் என்று எண்ணிக்கொண்டு தேடினால் குழப்பம்தான். ஊருக்கு ஊர் அடி வேறு. எர்சுரும் என்று இன்று வழங்கும் கரின் பக்கத்துக் கோச்சாரியைக் கற்றவர், வேறொரு வட்டாரத்துக் கோச்சாரியில் புகுந்தால் திண்டாடுவார். பொதுவாக உள்ளவை சில: தோளோடு தோள் நெருங்கிய வரிசை, ஆட்டுக்கடா முட்டுவதைப் போல் முன்னோக்கிச் சாயும் உடல், ஆழமான முழங்கால் மடக்கு, மெதுவாகத் தொடங்கி ஏறும் வேகம். எந்த வட்டாரத்துக் கோச்சாரி என்று கேட்டுக்கொண்டு ஒன்றை மட்டும் பிடியுங்கள். இரண்டு மூன்று வீடியோக்களிலிருந்து ஒட்டுப்போட்டுப் பழகியது எந்த வரிசையிலும் செல்லுபடியாகாது.

இந்த வட்டாரப் பெயர்களுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. சாசூன், மூஷ், வான், கரின் எல்லாம் இன்றைய துருக்கிக்குள் இருக்கின்றன. 1915-இன் இனப்படுகொலைக்குத் தப்பியவர்கள் கிழக்கே வந்து குடியேறியபோது ஆட்டங்களும் கூடவே வந்தன. சாசூன்காரர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்றான அஷ்னாக், யார்ஹுஷ்தாவுக்குப் பெயர்போனது. இது ஆண்களின் போர் ஆட்டம். இரண்டு வரிசை எதிரெதிரே நின்று, நெருங்கிப் பாய்ந்து, எதிராளியின் உள்ளங்கைகளில் தம் உள்ளங்கைகளை ஓங்கி அறைவார்கள். சத்தம் வெடி போல வரும். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, முழங்கையை நீட்டி அடித்தால் தோள்மூட்டு வலிக்கும். முழங்கை மடங்கியிருக்க வேண்டும், கண் எதிராளியின் கண்ணில் இருக்க வேண்டும். கையைப் பார்த்து அடிப்பவர்தான் தவறவிடுவார்.

தாளத்தில் ஆறு, ஒன்பது, பத்து என்று வரும்போது நம் சொற்கட்டு கைகொடுக்கும். ஆண்கள் தனித்து ஆடும் ஷலாகோ ஆறு அட்சரம், அதாவது ஆறு எண்ணிக்கை: அதைத் தகிட தகிட என்றும் கேட்கலாம், தக தக தக என்றும் கேட்கலாம். மேளமும் மெட்டும் இந்த இரண்டுக்குமிடையே தாவிக்கொண்டே இருக்கும். மேலை ஆர்மீனியாவிலிருந்து, அதாவது இன்று துருக்கிக்குள் இருக்கும் பகுதியிலிருந்து, வந்த தம்ஸாரா ஒன்பது அட்சரம், சமமில்லாத பிரிவு. அனடோலியப் பாட்டுகளிலும் அமெரிக்க ஆர்மீனியர் விருந்துகளிலும் அதிகம் கேட்கும் பத்து அட்சரம், தகிட தக தக தகிட. இதைச் சாதாரண நாலு எண்ணிக்கையாகப் போட்டால் இரு முனைகளிலும் உள்ள தகிட சப்பிப்போகும், நொண்டல் அழகு போய்விடும். வாயால் சொல்லிக்கொண்டே நடந்து பழகுவதைவிட நல்ல வழி இல்லை.

மேடையில் பார்ப்பதும் களத்தில் ஆடுவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1938-இல் ததுல் அல்துன்யான் தொடங்கிய அரசு ஆடல்-பாடல் குழு முதலாகச் சோவியத் காலத்தில் மேடை மரபு ஒன்று வளர்ந்தது. பெண்கள் தரையில் வழுக்குவதைப் போல நகர்வதும், ஆண்களின் பெரும் பாய்ச்சல்களும் அதில் பயிற்சி பெற்ற நடனக்காரர்களுக்கானவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து வட்ட ஆட்டம் கற்க முடியாது. வட்டத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை, பார்வையாளரும் இல்லை. 2001-இல் ககிக் கினோஸ்யான் நிறுவிய கரின் குழு கிராமத்து வடிவங்களைத் தேடிப் பிடித்து, ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் கஸ்காத் படிக்கட்டுகளின் அடிவாரத்தில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலைகளில் வருவோர் போவோருக்கெல்லாம் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. யெரெவான் போகிறவர்கள் பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்வது நல்லது.

வெளியில் ஆடும் ஆட்டத்துக்கு ஸுர்னாவும் டோலும். ஸுர்னா இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் உரத்த குழல், நாகசுரம் போலவே கூம்பு வடிவத் துளை. ஒருவர் மெட்டு வாசிக்க, இன்னொருவர் ஒரே சுரத்தை விடாமல் பிடிப்பார். நம் ஒத்து வேலைதான், ஆர்மீனியர்கள் அதைத் ‘தாம்’ என்பார்கள். வீட்டுக்குள் அதே வேலைப் பங்கீட்டை இரண்டு துடுக்குகள் எடுத்துக்கொள்கின்றன, டோலைக் குச்சிக்குப் பதில் விரலால் வாசிப்பார்கள். பாட்டுக்காரரே இல்லாமல் ஆடுபவர்களே பாடுவதும் உண்டு. வரிசையின் ஒரு பாதி ஒரு வரியைப் பாட, மறுபாதி திருப்பிப் பாடும். பாடிக்கொண்டே குதிப்பவருக்கு மூச்சு வாங்க இடம் வேண்டுமல்லவா?

இப்போது உங்கள் துடுக். நாதம் வராததற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் குழல் அல்ல, சீவாளி. ‘கமிஷ்’ எனப்படும் இந்தச் சீவாளி நாகசுரச் சீவாளி மாதிரி சின்னதல்ல. ஏறக்குறைய 10 செ.மீ. நீளம், நாணல் தண்டு ஒன்றை ஒரு முனையில் தட்டையாக அமுக்கிச் செய்தது. அராக்ஸ் ஆற்றங்கரை நாணல் இதற்குப் பேர்போனது. நடுவில் ஒரு வளையம் இருக்கும், வாய்க்கு ஒரு மூடி இருக்கும். மூடியோடே கடையிலிருந்து வருவதால் வாய் ஒட்டிக்கிடக்கும். அப்படியே ஊதினால் ஒன்றும் வராது.

மூடியைக் கழற்றிச் சீவாளிக்குள் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, குலுக்கிக் கொட்டிவிடுங்கள். பத்து நிமிடம் நிற்க வையுங்கள். ஒட்டியிருந்த உதடுகள் மெல்லப் பிரிந்து, அரைக்கண் திறந்ததுபோல ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வரும். அதுதான் ஊதும் நிலை. அவசரப்பட்டுச் சீவாளியை முழுதாகத் தண்ணீரில் ஊறவைத்தால் வாய் உருண்டையாகத் திறந்துகொள்ளும், ஊதக் கடினமாகும், சுருதி இறங்கும். அப்படி ஆகிவிட்டால் மூடியைச் சில நிமிடம் மாட்டிவைத்து, வளையத்தை வாய்ப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். கத்தியை எடுத்துச் சுரண்டுவது கடைசி வைத்தியம், புதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். புதுச் சீவாளி முதல் சில நாட்கள் முரண்டு பிடிக்கும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அதை வருத்தாதீர்கள்.

சீவாளியின் நுனி மட்டும் உதடுகளுக்கிடையில் இருக்க வேண்டும், பல் படக்கூடாது. கடித்தால் சுருதி ஏறி, குரல் நெரிபட்டதுபோல ஒலிக்கும். கன்னத்தை உப்பவிடாதே என்று புல்லாங்குழல் ஆசிரியர் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். துடுக்கில் கன்னம் உப்பும், உப்பவேண்டும், அதுதான் காற்றுப் பை. துளைகள் பெரியவை: முன்னால் எட்டு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. விரல் நுனியால் மூடப் பார்த்தால் ஓரத்தில் காற்று கசியும். விரலைத் தட்டையாகப் போட்டு, சதைப்பற்றான பகுதியால் மூடுங்கள். கீழ்ச் சுரங்கள் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் மேலே ஏதோ ஒரு துளை மயிரிழை திறந்திருக்கிறது. அரைச் சுரங்களைப் பாதித் துளையாலும் உதட்டாலும்தான் எடுக்க வேண்டும், தனிச் சாவி கிடையாது. மொத்தச் சுருதி இறங்கியிருந்தால் சீவாளியைக் குழலுக்குள் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். ஏறியிருந்தால் வெளியே இழுங்கள்.

28 முதல் 40 செ.மீ. வரை பல நீளங்களில் இந்தக் குழல் வருவதற்குக் காரணம் உண்டு. துளை உருளை வடிவம் என்பதால், நீளத்தை வைத்து எதிர்பார்ப்பதைவிட மிகக் கீழான, தடித்த குரல் கிடைக்கிறது. அதற்கு விலை, வீச்சு ஒரு ஸ்தாயிக்கு (ச முதல் மேல் ச வரை) சற்றே கூடுதல் மட்டும். எனவே வேறு சுருதிக்கு வேறு குழல். கற்றுக்கொள்ள ‘ஏ’ சுருதித் துடுக்கே வழக்கம், பாடங்களும் சீவாளிகளும் அதற்குத்தான் எளிதில் கிடைக்கும். மரம் வாதுமை இனத்து ஆப்ரிகாட். ஆர்மீனிய மொழியில் இந்தக் குழலுக்குச் ‘சிரானபோக்’, ஆப்ரிகாட் குழல், என்றே பெயர். பல ஆண்டு உலர்ந்த மரத்தில் கடைந்தது என்றாலும் ஏசி அறையில் திறந்து போட்டால் வெடிக்கும். எப்போதாவது உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள், அது சீவாளியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த சீவாளி அத்தோடு செத்தது.

தாம் பிடிக்கப் பழகுவதுதான் துடுக்கின் ஆரம்பப் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பலரும் நேராக மெட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை வைத்து ஊதுங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும்போது கன்னத்தில் காற்றை நிரப்பி, கன்னத்தால் அதைத் தள்ளியபடி மூக்கால் மூச்சு இழுங்கள். குமிழி ஒரு கணமும் நிற்கக்கூடாது. தண்ணீரில் இது வந்த பிறகு குழலில் ஒரே சுரத்தைப் பிடியுங்கள். மூச்சு மாறும் இடத்தில் சுருதி சறுக்கும். கன்னத்துக் காற்றின் அழுத்தம் நெஞ்சுக் காற்றைவிடக் குறைவு என்பதால் வரும் கோளாறு அது. கன்னம் முழுதும் காலியாகும் வரை காத்திராமல், பாதியிலேயே நெஞ்சுக் காற்றைச் சேர்த்தால் சரியாகும். தாமின் சத்தம் மெட்டு வாசிப்பவரின் சத்தத்தைவிட ஒரு படி தணிந்தே இருக்க வேண்டும்.

பண்ணமைப்பில் ஒரு விஷயம் நம் காதை ஏமாற்றும். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பாட்டுகளைத் திரட்டிய கோமிதாஸ் (1869–1935) விளக்கியபடி, ஆர்மீனிய இசை ஸ்தாயியை அலகாகக் கொள்வதில்லை. நாலு நாலு சுரமான கண்ணிகள், ஒன்றின் கடைசிச் சுரமே அடுத்ததன் முதல் சுரமாகத் தொடுக்கப்படும். ச ரி க ம என்று அந்தர காந்தாரத்தோடு தொடங்குங்கள். அதே இடைவெளியில் ம ப த நி, கைசிகி நிஷாதம். அங்கிருந்து அதே இடைவெளியில் நி ச ரி க என்று ஏறினால், மேலே கிடைப்பது சாதாரண காந்தாரம், அதாவது அந்தரத்தைவிட அரைச் சுரம் இறங்கிய காந்தாரம். கீழே அந்தரம், மேலே சாதாரணம், ஒரே அளவுகோலில். வீச்சு பெரிதான பாட்டுகளில் இதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். கோமிதாஸ் தம் பியானோ நடனத் துண்டுகளில், எந்த நாட்டுப்புற வாத்தியத்தைப் போல ஒலிக்க வேண்டும் என்றும் குறித்துவைத்தார். ஆட்ட மெட்டு எப்படி ஒலித்தது என்று அறிய அவை நல்ல வழி.

தனியாகப் பழகும்போது தாமுக்கு மின்தம்பூராவை வைத்துக்கொள்வீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பஞ்சமத்தை அணைத்துவிடுங்கள், மேல் ஸட்ஜத்தையும் முடிந்தால் குறையுங்கள். தாம் என்பது ஒற்றைச் சுரம். பாட்டின் நிலைச்சுரம் அடுத்த கண்ணிக்கு நகரும்போது தாமும் கூடவே நகரும். துணைக்கு ஊதுபவர் அதைக் காதால் பிடித்து மாற்றிக்கொள்வார். பெட்டி மாற்றாது, நீங்கள்தான் அந்த இடத்தில் பொத்தானைத் திருப்ப வேண்டும்.